‘டோவர் பீச்’: அந்த ஒரு உருவகத்தைத் தவிர அதில் என்ன இருக்கிறது?

ஒரு வாசகரின் கேள்வி — 3 மார்ச்

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். மேத்யூ ஆர்னால்டின் ‘டோவர் பீச்’ பாடத்தில் இருக்கிறது. அணிநயங்களை எழுது என்று கேட்டால் வகுப்பில் எல்லோரும் ‘நம்பிக்கைக் கடல்’ என்ற உருவகத்தைத்தான் பிடித்துக்கொள்கிறோம். மதநம்பிக்கை ஒரு காலத்தில் கடல்போல நிறைந்திருந்தது, இப்போது வடிந்துகொண்டிருக்கிறது என்பார். அதை எடுத்துவிட்டால் நிலா, அலை, பெருமூச்சு, அவ்வளவுதான். ஒரே உருவகத்தை வைத்துக்கொண்டு 37 அடி புலம்பியிருக்கிறார் என்பது என் எண்ணம். இதை ஏன் பெரிய கவிதை என்கிறார்கள்?

3 மார்ச், இரவு

எடுத்துவிட்டே படியுங்கள். கவிதை நிற்கும். அதுதான் என் கட்சி.

அந்த உருவகம் வருவது 21ஆம் அடியில். அதற்குள் கவிதை பாதியைத் தாண்டிவிடுகிறது. நம் மனசைக் கலைக்கிற வேலையையும் பெரும்பாலும் செய்து முடித்துவிடுகிறது.

முதல் ஆறு அடியும் கண்ணுக்கானவை. கடல் அமைதி. ஓதம், அதாவது கடலேற்றம், நிறைந்து நிற்கிறது. ஜலசந்தியின் மேல் நிலா. எதிரே பிரெஞ்சுக் கரையில் ஒரு வெளிச்சம் மின்னி மறைகிறது. இந்தப் பக்கம் இங்கிலாந்தின் வெள்ளைப் பாறைகள் மங்கலாக மினுங்கிக்கொண்டு நிற்கின்றன. ஜன்னலுக்கு வா, காற்று எவ்வளவு இனிமை பார் என்று கூட இருப்பவளைக் கூப்பிடுகிறார். இதுவரை ஒரு குறையும் இல்லை.

ஏழாவது அடி ‘ஒன்றே ஒன்றுதான்’ என்பது போல ஒரு தயக்கத்தோடு ஆரம்பிக்கிறது. ஒன்பதாவது அடியின் முதல் சொல் ‘கேள்!’. அங்கே கவிதை கண்ணை விட்டுவிட்டுக் காதுக்கு வந்துவிடுகிறது. அலை பின்வாங்கும்போது கூழாங்கற்கள் உராயும் இரைச்சல். அமைதியாக இருக்கிறது என்று சொன்ன அதே கடலிலிருந்துதான் அந்த இரைச்சலும் வருகிறது.

இனி கடைசிப் பத்திக்குப் போங்கள். உலகம் கனவு தேசம் போலக் கண்முன் விரிந்து கிடப்பதாகத் ‘தோன்றுகிறது’ என்கிறார். தோன்றுகிறது, அவ்வளவுதான். கண் காட்டியதை அவர் நம்பவில்லை. காதில் விழுந்ததை நம்புகிறார். முதல் பத்தியில் கண்ணிலிருந்து காதுக்கு நகர்ந்தது வெறும் வருணனை உத்தி என்று நினைத்திருப்போம். மொத்தக் கவிதையின் வாதமும் அந்த நகர்விலேயே இருக்கிறது.

4 மார்ச்

நேற்று எழுதியதற்குமேல் ஒன்று. இது எனக்கு இந்தக் கவிதையில் மிகப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கவிதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் பத்தியில் 14 அடி. அடியின் கடைசிச் சொற்களை மட்டும் எழுதிப் பாருங்கள். டுநைட், லைட். ஃபேர், ஏர். ஸ்டேண்ட், லேண்ட், ஸ்டிராண்ட். பே, ஸ்ப்ரே. ஃபிளிங், பிரிங். பிகின், இன். வரிசை தாறுமாறு. எது எதோடு சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் இயைபு கிடைத்துவிடுகிறது. ஒன்றைத் தவிர.

அது ஒன்பதாவது அடியின் கடைசிச் சொல்: ‘ரோர்’. அந்த இரைச்சல்.

அந்தப் பத்தி முழுவதிலும் அதற்கு ஜோடி கிடையாது. இரண்டாம் பத்தியிலும் இல்லை. சத்தம் எழும்பியது, பதில் வரவில்லை. மூன்றாம் பத்தி வருகிறது, 22ஆம் அடி ‘ஷோர்’ (கரை) என்று முடிகிறது. 25ஆம் அடியில் அதே ‘ரோர்’ திரும்பி வருகிறது, இந்தத் தடவை நம்பிக்கைக் கடலின் இரைச்சலாக. முதலில் கல்லின் சத்தமாக இருந்தது இப்போது ஒரு காலத்தின் சத்தம். ஒன்பதாவது அடியில் தொங்கவிட்ட ஒலிக்கு 22ஆம் அடியில்தான் கரை கிடைக்கிறது.

இதைக் கவிஞர் திட்டமிட்டாரா என்று யாராவது கேட்பீர்கள். திட்டமிட்டாரா என்பது எனக்கு முக்கியம் இல்லை. ஒரு சத்தத்துக்காகக் காது காத்திருந்தது என்பதைத் தெரியாமலே நாம் காத்திருந்தோம். உருவகம் வந்ததும் ‘ஆமாம், இது முன்பே எனக்குத் தெரியும்’ என்ற உணர்வு வருகிறதே, அது அங்கிருந்துதான் வருகிறது. அந்த உருவகத்துக்கு அதிகாரத்தைக் கொடுத்ததே ஒலிதான்.

4 மார்ச், சற்று நேரம் கழித்து

அதே மூன்றாம் பத்தியில் இன்னொரு ஜோடியையும் பாருங்கள். 21ஆம் அடி ‘ஃபெய்த்’ என்று முடிகிறது. அதற்கு ஜோடியாக 26இல் வருவது ‘பிரெத்’. மெய் பொருந்துகிறது, உயிர் பொருந்தவில்லை. மொத்தக் கவிதையிலும் அரைகுறையாக ஒலிக்கும் இயைபு இது ஒன்றுதான். மற்ற எல்லா ஜோடியும் சுத்தமாகப் பொருந்துகின்றன. நம்பிக்கை என்ற சொல்லுக்கு மட்டும் முழுப் பொருத்தம் வாய்க்கவில்லை. அதற்கு ஈடாகக் கிடைத்தது இரவுக்காற்றின் மூச்சு.

‘நம்பிக்கைக் கடல்’ என்ற அந்த அடிதான் கவிதையிலேயே சிறியதும்கூட. இரண்டே அசையழுத்தம், நான்கே அசை. ஒரு காலத்தில் நிறைந்து பூமியைச் சுற்றிக் கிடந்தது என்று சொல்லப்போகிற கடலுக்கு இவ்வளவு சின்ன அடி.

5 மார்ச்

ஒரு வாசகர் கேட்கிறார், ‘அலையின் ஓசையைச் சொற்களில் கொண்டுவந்திருக்கிறார் என்று உரைநூல்கள் சொல்கின்றன, எனக்குக் கேட்கவே இல்லையே’ என்று.

அதற்கு ஒரு காரணம் நம் கரை. மெரினாவிலும் திருச்செந்தூரிலும் வளர்ந்த காதுக்கு அலை என்றால் மணலில் விழுந்து நுரைத்துப் போகிற ஒலி. டோவர் பக்கத்துக் கரை மணல் இல்லை, கூழாங்கல். அங்கே பாறை சுண்ணாம்பு. அதன் நடுநடுவே சக்கிமுக்கிக் கல் கட்டிகட்டியாக இருக்கும். சுண்ணாம்பைக் கடல் அரித்துக் கரைத்துவிடும், கரையாத சக்கிமுக்கிக் கல் உருண்டு உருண்டு கரையில் குவியும். அலை ஏறும்போது கல்லை மேலே தள்ளும். இறங்கும்போது தண்ணீர் கல்லிடுக்குகள் வழியாக வடிந்துகொண்டே கல்லையும் இழுத்துக்கொண்டு போகும். பெரிய சத்தம் ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான்.

நான் வேலை நிமித்தம் டோவர் இருக்கிற கென்ட் பக்கம் சில காலம் இருந்தேன். கவிதை நினைவில் டோவருக்குப் போனேன். அங்கே இந்தச் சத்தத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. கடற்கரை இப்போது துறைமுகச் சுவர்களுக்குள் அடங்கியிருக்கிறது. வெளிச்சுவர்கள் எல்லாம் சேர்ந்து முழுத் துறைமுகம் ஆனது 1909இல். ஆர்னால்டின் காலத்தில் மேற்குப்புறச் சுவரின் வேலை தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். இப்போது அங்கே அலை அடக்கமாக வந்து போகிறது, பின்னால் கலே போகும் கப்பல்கள். அப்புறம் வடகிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, செயின்ட் மார்கரெட்ஸ் பே என்ற சின்னக் குடாவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பாறைக்கு நேர் கீழே கூழாங்கல் கரை. ஓதம் வடியத் தொடங்கிய நேரம்.

அம்மாவுக்கு இந்தக் கவிதை தெரியாது. கொஞ்ச நேரம் நின்று கேட்டார். ‘என்னடா இது, கடல் பல்லை நறநறன்னு கடிக்குது’ என்றார்.

அந்த நறநறவைக் கேட்டபிறகு பத்தாவது அடியிலிருந்து திரும்பப் படித்தேன். அலை கல்லை முதலில் பின்னால் இழுக்கிறது, அப்புறம் திரும்பி வந்து மேலே வீசுகிறது. ஆர்னால்ட் சொல்லும் வரிசை இதுதான். கண்ணால் பார்ப்பவன் அலை வருவதிலிருந்து ஆரம்பிப்பான். காதால் கேட்பவன் அலை போவதிலிருந்து ஆரம்பிப்பான், ஏனென்றால் சத்தம் அங்கேதான் இருக்கிறது.

பன்னிரண்டாவது அடியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘தொடங்கி’ என்ற சொல்லில் ஆரம்பித்து, நின்று, மறுபடியும் ‘தொடங்கி’ என்ற அதே சொல்லில் முடிகிறது. நடுவில் ‘ஓய்ந்து’. இரண்டு இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், காற்புள்ளிகள் அப்படி விழுந்திருக்கின்றன. பொருள் புரியாதவன் படித்தாலும் அவன் மூச்சு அலை மாதிரிதான் போகும். ஃபிளிங், பிகின், பிரிங், இன் என்று அந்த அடிகளின் முடிவொலிகளும் கிட்டத்தட்ட ஒன்றே போல மாறி மாறி வருகின்றன.

6 மார்ச்

‘இதெல்லாம் டார்வின் வந்ததால் வந்த சோகம்’ என்று எழுதியவருக்கு. காலக்கணக்கு இடிக்கிறது. கவிதை அச்சேறியது 1867இல், டார்வினின் நூல் வந்தது 1859இல். அதைப் பார்த்து அப்படி நினைக்கத் தோன்றும். ஆனால் கவிதையின் பெரும்பகுதி 1851 வாக்கில் எழுதப்பட்டது என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கிரேக்கத் தத்துவஞானி எம்பெடாக்ளிஸ் பற்றிய குறிப்புகள் எழுதிய தாளின் பின்பக்கத்தில் முதல் 28 அடியின் வரைவு கிடைத்திருக்கிறது. எம்பெடாக்ளிஸைப் பற்றி ஆர்னால்ட் எழுதிய கவிதை 1852இல் வெளிவந்துவிட்டது. ஆர்னால்டுக்கும் ஃபிரான்சிஸ் லூசி வைட்மனுக்கும் திருமணம் ஆனது 1851 ஜூனில். அந்தக் கோடையில் டோவருக்கும் போயிருக்கிறார்கள். அதே ஆண்டில்தான் பள்ளி ஆய்வாளர் வேலையும் கிடைத்தது. 1886வரை அதில் இருந்தார்.

ஆகவே டார்வினுக்கு முன்பே ஓதம் இறங்கத் தொடங்கிவிட்டது. லயலின் நிலவியல் நூல்கள் 1830களின் தொடக்கத்திலேயே பூமியின் வயதைக் கேள்விக்கு உட்படுத்திவிட்டன. ஸ்ட்ராஸ் எழுதிய இயேசு வரலாறு 1846இல் ஜார்ஜ் எலியட்டின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆர்னால்ட் படித்த ஆக்ஸ்ஃபோர்டையே கலக்கிய ஆங்கிலிக்கன் மதகுரு நியூமன் 1845இல் கத்தோலிக்கத்துக்குப் போனார். இத்தனை பக்கமும் இழுபட்ட தலைமுறை அது. ஒரு விஞ்ஞானியின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டால் அவர்களுடைய தவிப்பு சின்னதாகிவிடும்.

8 மார்ச்

சானெட் விஷயம். சானெட் என்பது 14 அடிப் பாவகை. முதல் பத்தி 14 அடி. இரண்டாவது 6, மூன்றாவது 8, கூட்டினால் 14. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் பாணி சானெட்டில் 8 முதலில், 6 அப்புறம். இங்கே தலைகீழ். கடைசிப் பத்தி 9 அடியோடு நின்றுவிட்டது. ஆகவே இது உடைந்துபோன சானெட்டுகளின் வரிசை என்று சிலர் சொல்கிறார்கள்.

எனக்கு இதில் பாதி சம்மதம். முதல் 14 அடிக்குள் ஒரு திருப்பம் இருக்கிறது, சானெட்டில் இருக்க வேண்டியது போலவே. காதல் கவிதைக்கு உரிய வடிவத்தை எதிர்பார்க்க வைத்து, கடைசியில் சோகத்தின் நிரந்தரமான சுருதியைக் கொண்டுவந்து வைக்கிறார். அது சரி. ஆனால் 6ஐயும் 8ஐயும் கூட்டி 14 ஆக்குவது கணக்குப் போடுகிறவரின் திருப்தி. படிக்கிற காதுக்கு அது கேட்காது.

8 மார்ச், பின்னிரவு

அடி நீளம் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு அழுத்தம் முதல் ஐந்து அழுத்தம் வரை அடிகள் நீள்கின்றன, குறுகுகின்றன. பக்கத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் வலப்பக்க ஓரம் கரையோரம் போலவே வளைந்து நெளிந்து இருக்கும். இதைப் புத்தகங்களிலும் சொல்வார்கள்.

நான் கவனித்தது வேறு. கடைசிப் பத்தியின் முதல் அடி சின்னது. அதற்கப்புறம் 30 முதல் 36 வரை தொடர்ந்து ஏழு அடிகள், எல்லாமே ஐந்தழுத்தம். கவிதையில் வேறெங்கும் இவ்வளவு நீளத்துக்கு ஒரே அளவு தொடர்வதில்லை, அதிகம் போனால் நான்கு அடி. இயைபும் அங்கே ஒழுங்காகிவிடுகிறது. டுரூ, சீம்ஸ், டிரீம்ஸ், நியூ: வெளியே ஒரு ஜோடி, உள்ளே ஒரு ஜோடி. அடுத்தது லைட், பெய்ன், பிளெய்ன், ஃபிளைட்: அதே அமைப்பு. உலகத்தில் எந்த உறுதியும் கிடையாது என்று சொல்லும் இடத்தில்தான் வடிவம் மிக உறுதியாக நிற்கிறது. முதல் பத்தியில் நிம்மதியைப் பற்றிப் பேசும்போது தள்ளாடிய கவிதை, நிம்மதி போனபிறகு நிமிர்ந்து நடக்கிறது.

9 மார்ச்

‘ஏஜியன் கடலில் ஏற்றவற்றமே கிடையாதே, சோஃபக்ளிஸ் அங்கே எதைக் கேட்டிருப்பார்?’ என்று ஒருவர் மடக்கியிருக்கிறார்.

நல்ல கேள்வி. கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளிஸ் இதே சத்தத்தை அன்றே ஏஜியன் கடலோரம் கேட்டார் என்று இரண்டாம் பத்தியில் வருகிறது. டோவரில் பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 6 மீட்டர் ஏறி இறங்கும். ஏஜியனில் பொதுவாகச் சில பத்து சென்டிமீட்டர், அவ்வளவே. சோஃபக்ளிஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் ஒரு கோரஸ் பாட்டு இருக்கிறது. திரேஸின் கொடுங்காற்று ஆழத்திலிருந்து கருமணலைக் கிளப்ப, அலையடிபட்ட முனைகள் முனகுகின்றன என்று வரும். ஒரு குலத்தின் மேல் தலைமுறை தலைமுறையாக விழும் கேட்டுக்கு அது உவமை. ஆர்னால்ட் மனதில் இருந்தது அதுவாக இருக்கலாம் என்பார்கள். ஆனால் அது புயல். ஓதம் வடிவது இல்லை.

அதனால் நான் இப்படிப் படிக்கிறேன். மனிதத் துயரத்தின் ஏற்ற இறக்கம் என்று ஆர்னால்ட் சொல்லும்போது சோஃபக்ளிஸுக்குத் தன் கடலைக் கொடுக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் தள்ளி இருக்கிற ஒருவரை டோவர் ஜன்னலுக்குக் கூட்டி வந்து நிறுத்துகிறார். உடனே அடுத்த வாக்கியத்தில் ‘நாம்’ என்கிறார். அந்த ‘வீ’ 18ஆம் அடியின் விளிம்பில் தனியாகத் தொங்குகிறது. அதற்கு முன்னால் அரைப்புள்ளி, பின்னால் அடி முறிவு. இரண்டு அடி தள்ளி ‘சீ’ வந்து இயைபு சேர்க்கிறது. நாம் தொங்குகிறோம், கடல் வந்து பிடித்துக்கொள்கிறது. ஆறு அடியே உள்ள பத்தி, பலரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

12 மார்ச்

நெய்தல் திணையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் ஒருவர். கடலும் கடல் சார்ந்த இடமும், உரிப்பொருள் இரங்கல். பொருத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, யாருக்கும் தோன்றும். குறுந்தொகை 6இல் ஊரும் உலகமும் உறங்க ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். இங்கேயும் இரவு, இங்கேயும் விழிப்பு.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. நெய்தலில் போனவன் ஒரு ஆள். அவன் வந்துவிட்டால் இரக்கம் தீரும். ஆர்னால்டின் கவிதையில் காதலி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள். போனது நம்பிக்கை. காதலி பக்கத்தில் இருந்தும் இரங்குகிறார் என்பதே இந்தக் கவிதையின் புதுமை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகாது என்று எனக்குப் படுகிறது.

15 மார்ச்

இந்த இழையைத் தொடங்கியதிலிருந்து கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். பலமுறை படித்தும் கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அந்த ஒன்பது அடியில் கடல் இல்லை.

ஒரு துளி தண்ணீர்கூட இல்லை. இருட்டிய சமவெளி, குழப்பக் கூச்சல், யாரோடு மோதுகிறோம் என்று அறியாத படைகள். கடலைப் பற்றிய கவிதை என்று சொல்கிறோம், முடிவது தரையில்.

சிலர் இதைக் குறை என்பார்கள். ஓதத்தில் ஆரம்பித்து, திடீரென்று போர்க்களத்துக்குத் தாவிவிட்டார், உருவகம் தொடரவில்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 28ஆம் அடியில் கடல் உலகத்தின் நிர்வாணமான கூழாங்கல் கரை வழியாக வடிந்து போய்விட்டது. போனபிறகு மிச்சம் இருப்பது வெறும் நிலம்தானே. உருவகம் அறுந்துபோகவில்லை, ஓதம் இறங்கி முடிந்திருக்கிறது. 29ஆம் அடியில் அவர் காதலியைப் பார்த்துப் பேசும்போது இருவரும் நிற்பது அந்தக் காய்ந்த தரையில்.

முன்னே சொன்ன வரைவுத் தாளில் ஒரு விவரம் இருக்கிறது. 28ஆம் அடி முடிந்ததும் ‘ஆ, அன்பே’ என்று தொடங்கும் அடியின் முதல் சொற்களை எழுதி, ‘முதலியன’ என்று குறி போட்டு நிறுத்தியிருக்கிறார். அதாவது கடைசிப் பத்தி ஏற்கெனவே வேறெங்கோ எழுதப்பட்டு இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். அப்படியானால் போர்க்களம் முதலில் வந்தது. கடல் பிறகு, அந்தக் களத்தை நோக்கி எழுதப்பட்டது. கடலைப் பார்த்து அவருக்குச் சோகம் வரவில்லை. இருந்த சோகத்துக்கு ஒரு கடலைத் தேடியிருக்கிறார்.

16 மார்ச்

அதே பத்தியில் அடுக்குகளையும் பாருங்கள். உலகத்தின் தோற்றத்துக்கு மூன்று: எத்தனை வகை, எத்தனை அழகு, எத்தனை புதுமை. அதன் உண்மைக்கு ஆறு இல்லைகள்: மகிழ்ச்சி இல்லை, அன்பு இல்லை, ஒளி இல்லை, உறுதி இல்லை, அமைதி இல்லை, வலிக்குத் துணை இல்லை. மூன்றை ஆறு விழுங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘இல்லை’யைத் திரும்பத் திரும்ப வைத்ததால் நடை கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போகிறது.

அந்த ஆறில் இரண்டாவது ‘அன்பு’. நான்கே அடிக்கு முன்னால்தான் அவளை ‘அன்பே’ என்று அழைத்தார், அதே சொல். உலகத்தில் அது இல்லை என்கிறார், ஆனால் அவளிடம் அதைக் கேட்கிறார். முரண் என்று எழுதி மதிப்பெண் வாங்கலாம். எனக்கு அது முரணாகத் தெரியவில்லை. உலகத்தில் கிடைக்காத ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து உண்டாக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார். அவள் பதில் சொல்வதில்லை. கவிதை முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இது மட்டும் என்னை உறுத்துகிறது. அவளுடைய காதில் அந்தக் கடல் எப்படி விழுந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

19 மார்ச் — ஒரு வாசகர்

முதலில் கேள்வி கேட்டவன்தான். ‘ரோர்’ விஷயத்தை வகுப்பில் சொன்னேன். ஒலிநயம் இருக்கலாம், ஆனால் பொருள் தெரியாமல் ஒலி மட்டும் எப்படி வருத்தும் என்று ஒரு தோழி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

20 மார்ச்

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) படித்திருக்கிறீர்களா? புத்தகங்களை எரிக்கிற நாடு. அங்கே நாயகன் மோன்டாக் தன் மனைவியின் தோழிகள் முன்னால் ஒரு கவிதையைச் சத்தமாகப் படிக்கிறான். அது இந்தக் கவிதைதான். அதில் ஒருத்தி, திருமதி ஃபெல்ப்ஸ், உடைந்து அழுகிறாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் தெரியவில்லை என்கிறாள். அந்தப் பெண்களுக்குச் சோஃபக்ளிஸும் தெரியாது, விக்டோரியா காலத்து மத நெருக்கடியும் தெரியாது. காதில் விழுந்தது, அவ்வளவுதான். பிராட்பரி எத்தனையோ கவிதைகள் இருக்க இதைத் தேர்ந்தெடுத்தார் என்பதே உங்கள் தோழிக்கு என் பதில்.

20 மார்ச், இரவு

கடைசியாகப் படைகள். இதைச் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் முதல் நாள் நான் எழுதிய கண்–காது வாதத்தையே இது இன்னொரு படி மேலே கொண்டுபோகிறது.

மேத்யூவின் அப்பா தாமஸ் ஆர்னால்ட், ரக்பி பள்ளியின் தலைமையாசிரியர். கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடிஸின் நூலை 1830களில் பதிப்பித்தவர். அந்த நூலின் ஏழாம் பகுதியில் ஓர் இரவுப் போர் வருகிறது. கி.மு. 413, சிசிலித் தீவு, சிரக்யூஸ் நகருக்கு மேலே எபிபொலே மேடு. ஏதென்ஸ் படை இருட்டில் ஏறித் தாக்குகிறது. ஆர்னால்டின் கடைசி அடிகளுக்கு மூலம் அது என்பதில் பெரும்பாலும் யாருக்கும் ஐயம் இல்லை.

தூசிடிடிஸ் சொல்லும் விவரங்களைக் கவனியுங்கள். அன்று நிலா நன்றாகக் காய்ந்தது. எதிரே ஓர் உருவம் நிற்பது தெரிந்தது, ஆனால் அது நம்மவனா எதிரியா என்று தெரியவில்லை. அடையாளச் சொல்லைக் கேட்டுக் கேட்டே அது எதிரிக்கும் தெரிந்துபோயிற்று. ஏதென்ஸ் பக்கம் நின்ற டோரியக் கூட்டாளிகள் போர்ப்பாட்டு எடுத்தார்கள். எதிரியின் பாட்டும் அதே மாதிரிதான் இருக்கும். தன் ஆட்களின் பாட்டைக் கேட்டே ஏதென்ஸ்காரர்கள் மிரண்டார்கள். தன்னவரையே வெட்டிக்கொண்டார்கள்.

முதல் பத்தியில் ஜலசந்தியின் மேல் அழகாகக் கிடந்த நிலா நினைவிருக்கிறதா? கடைசிப் பத்தியில் நிலா என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்தப் போரைத் தெரிந்தவருக்கு அது அங்கேயும் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது, உருவம் காட்டி ஆளைக் காட்டாமல்.

இதைவிடக் கனமானது பாட்டு. கண்ணை நம்பாமல் காதை நம்பி இத்தனை தூரம் வந்தார் ஆர்னால்ட். உண்மையைக் காதுதான் சொன்னது. எபிபொலேயில் காதும் காலை வாரிவிட்டது. ‘குழப்பக் கூச்சல்’ என்று 36ஆம் அடியில் வருவது அந்தக் கூச்சல்தான். கண் போயிற்று, காதும் போயிற்று. 29ஆம் அடியில் ‘நாம் ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்போம்’ என்று சொன்னதன் கனம் இங்கிருந்து திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிறது. இருட்டில் நம்மவர் யார் என்று தெரிந்துகொள்ள வேறு வழியே இல்லாதவனின் வேண்டுகோள் அது.

2 ஏப்ரல்

37ஆம் அடியைப் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார், இங்கேயே எழுதிவிடுகிறேன். ஏழு அடி ஐந்தழுத்தமாக வந்த நடை கடைசி அடியில் நான்காகக் குறைகிறது. அச்சுப் பிழையோ அவசரமோ இல்லை. இயைபும் அங்கே ஒன்று கூடுதல்: லைட், ஃபிளைட் என்று ஜோடி முடிந்தபிறகும் ‘நைட்’ வருகிறது. கணக்குப்படி அந்த அடி தேவையே இல்லை, எட்டோடு வடிவம் நிறைந்துவிட்டது.

அந்த உபரி அடியைப் படிக்கும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள். மேடையில் படிக்கிற பலர் போர் என்றதும் குரலை ஏற்றிவிடுகிறார்கள். ‘ஆர்மீஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டு, சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள். ‘கிளாஷ்’ தன்னாலேயே மோதிக்கொள்ளும்.